மருத்துவச்சியின் கை

பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே,

தருமபுரி மேடையில் மருத்துவ வரலாறு பேச வருகிறவர்கள் அதியமானின் நெல்லிக்கனியில் தொடங்குவது வழக்கம். நான் வியன்னா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்குகிறேன்.

1840களில் அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதலாவதில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பேறு பார்த்தார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். வந்து சேரும் நாளைப் பொறுத்து வார்டு அமையும். படித்தவர்கள் பார்த்த வார்டில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். ஊர்ப் பெண்களுக்கு அது தெரிந்திருந்தது. முதல் வார்டு வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். தெருவிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைத் தேடினார். பிணத்தை அறுத்துப் பார்த்த மாணவர்கள் அதே கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலை கிடையாது. 1847 மே மாதம், குளோரின் கலந்த நீரில் கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. ஆனாலும், சாவைச் சுமந்து வந்தவை தங்கள் கைகள்தாம் என்று ஒப்புக்கொள்ளப் பெரிய டாக்டர்கள் பலருக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் ஊர் மருத்துவச்சிகளிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுக்குப் பிளேடால் தொப்புள்கொடி அறுத்து, இசிவு கண்டு போன குழந்தைகள் எத்தனையோ. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் மலை ஏறினார்கள்?

ஏறினால் என்ன நடக்கும் என்பதை நம் தருமபுரி மாவட்டத்து மலைப் பள்ளத்தாக்கான சிட்லிங்கி காட்டியது. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். குழந்தைச் சாவு பெருமளவு குறைந்தது.

நான் பிறந்தபோது கொடி அறுத்தவரின் பெயர் என் தாய்க்கே தெரியாது. 'மருத்துவச்சி' என்றுதான் கடைசிவரை சொன்னார். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். பென்னாகரத்திலும் அரூரிலும் தளியிலும் பேறு பார்த்த மூதாட்டிகள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெயர், ஊர், பார்த்த பிரசவங்கள், கொடி அறுக்க எதை எடுத்தார்கள், கையை எதில் கழுவினார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். பெயரை முதலில் எழுதுங்கள்.