படகுக்காரர் காதில் விழுந்த பாட்டு

நடுவர் ஐயா, ஆயர் ஐயா, ஆயரம்மா, பிரியாணி டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வணக்கம் முடிந்தது. எட்டு நிமிடத்தில் இதற்கே கால் நிமிடம் போய்விட்டது.

"சோதனை வேளையில் விசுவாசியைத் தாங்குவது துதியா, கண்ணீரா?" அறுப்பின் பண்டிகைப் பட்டிமன்றத்துக்கு இப்படி ஒரு தலைப்பு. காலையில் காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தவரைக் கேட்டால் யோசிக்காமல் கண்ணீர் என்பார். எனக்குக் கொடுத்திருப்பது துதி.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகத்தான் பேசினார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்று யோவான் 11:35-ஐ எடுத்து வைத்தார். மறுக்கவில்லை. அதே இயேசு, பிடித்துக் கொடுக்கப்படுகிற அந்த ராத்திரியில் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் புறப்பட்டார். மத்தேயு 26:30. அப்புறம் 13-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தாவீது புலம்புகிறார் பாருங்கள் என்றார். அண்ணே, முதல் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டீர்களே! அந்தச் சங்கீதமே மொத்தம் ஆறு வசனம்தான். ஆறாவதில் "அவரைப் பாடுவேன்" என்கிறார் தாவீது. அவர் ஆறு வசனத்தில் அழுது முடித்துவிட்டார். நம் அண்ணன் மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை.

சரி, வசனத்தை விடுங்கள். வசனம் அவரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. நடுவில் அவர் ஒரு போடு போட்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை. "இவங்களுக்கு ஸ்தோத்திரம் தலைவலித் தைலம் மாதிரி. எங்கே வலிச்சாலும் அதையே தடவுவாங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்தா ஸ்தோத்திரம், குழாயில தண்ணி வரலைன்னாலும் ஸ்தோத்திரம். துதிச்சா தண்ணி வடிஞ்சிடுமா?" நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். என் வீட்டுக்காரம்மா உட்பட. பார்த்தேன்.

தைலம் என்றால் அண்ணனுக்கு என்ன தெரியும்? என் அத்தையின் சுருக்குப்பையில் வெற்றிலை இருக்காது, சில்லறை இருக்காது, ஒரு தைலப் பாட்டில் இருக்கும். மூடி துருப்பிடித்து, புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். சைதாப்பேட்டையில் பஸ் ஏறி அத்தை அதைத் திறந்தால் வாசம் டிரைவர் வரைக்கும் போகும். முன் சீட்டில் ஒருத்தர் மூக்கைத் தேய்ப்பார், பின் சீட்டில் ஒரு பாட்டி "எனக்கும் கொஞ்சம் குடு தாயி" என்று கை நீட்டுவார். தலைவலி அத்தைக்கு. மூக்கடைப்பு நீங்குவது பஸ்ஸுக்கே. அண்ணே, தைலம் என்று நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1, சென்னைப் பெருவெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். அன்றைக்கு ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த என் அத்தைக்கு எந்தக் கணக்கும் தெரியாது. கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி மிதந்து வந்து கட்டில் காலில் முட்டியது. அந்தச் சத்தத்தில்தான் எழுந்தார். முழங்கால் வரைக்கும் தண்ணீர். மாமா மேலே போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கிறார். அத்தை இட்லி மாவுக் குண்டானைத் தேடுகிறார். வேதாகமத்தை எடுத்தார், குண்டானை எடுத்தார், ஏறினார். வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டார். மாமா சாகும்வரை அந்தப் பத்திரத்தைச் சொல்லிக்காட்டினார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லப்படும். வருஷத்துக்கு ஒரு அடி தண்ணீர் ஏறும். முதல் வருஷம் முழங்கால், அடுத்த வருஷம் இடுப்பு. 2019-ல் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மெட்ரோ லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிக்கொண்டிருந்தோமே, அந்த வருஷம் மாமா கதையில் தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. நான் சொல்வது முதல் வருஷத்துக் கதை. நம்பலாம்.

மொட்டைமாடியில் நாலு குடும்பம், ஒரு தார்ப்பாய். கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. 1878-ல் தொடங்கிய இந்து பேப்பரே டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அத்தையின் காலை ஜெபம் மட்டும் தவறாமல் வெளிவந்தது. முதல் நாள் எல்லோரும் சேர்ந்து கும்பிட்டார்கள். இரண்டாம் நாள் பசி. கைக்குழந்தை ஒன்று விடாமல் அழுகிறது. அத்தை கீர்த்தனை எடுக்கிறார். எதிர்வீட்டுக்காரர் கத்தியே விட்டார்: "ஏம்மா, இருக்கிற கடுப்புல நீங்க வேற! பாடினா தண்ணி வடிஞ்சிடுமா?" பாருங்கள் அண்ணே, உங்கள் கேள்வி பழைய கேள்வி.

நான் பொய் சொல்ல மாட்டேன். வடியவில்லை. அத்தை பாடப் பாட இன்னும் ஒரு படி ஏறியது.

அத்தை நிறுத்தினாரா? இல்லை. மேல்வீட்டு அம்மா பாவம் பார்த்து ஒரு முருகன் பாட்டு எடுத்தார். அத்தை அதற்கும் கைதட்டித் தாளம் போட்டார். ஆயர் ஐயா, அதை மட்டும் காதில் வாங்காதீர்கள். இருட்டிவிட்டது. மழை சன்னமாகத் தூறுகிறது. அத்தை பல்லவி முடிந்து இரண்டாவது சரணத்துக்குப் போகும்போது கீழே, தெரு இருந்த இடத்தில், ஒரு டார்ச் வெளிச்சம். மீன்பிடிப் படகு. கடற்கரைப் பக்கமிருந்து மீனவர்கள் தங்கள் படகைத் தாங்களே கொண்டுவந்து வீடு வீடாக ஆள் எடுத்தார்களே, அந்தப் படகில் ஒன்று. "யாரும்மா பாடுறது? மாடியில ஆள் இருக்கா?"

அத்தை என்ன சொல்லியிருப்பார்? "இருக்கோம் தம்பி, காப்பாத்து" என்றா? மாமா தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்: "இரு தம்பி, சரணத்தை முடிச்சிக்கிறேன்" என்றாராம்! அந்தத் தம்பியும் துடுப்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு நின்றாராம், முடிகிற வரைக்கும். அப்புறம் சொன்னாராம்: "இந்தத் தெருவுல யாரும் இல்லன்னு திரும்பிட்டிருந்தோம்மா. பாட்டு கேட்டுத்தான் உள்ள வந்தோம்." கைக்குழந்தை முதலில் இறங்கியது. கத்தினவர் இரண்டாவதாக இறங்கினார். குண்டான் மூன்றாவது. அத்தை கடைசி.

அண்ணே, தண்ணீர் வடியவில்லை. படகு வந்தது. வாளி எடுக்காதீர்கள், படகு வேண்டாம், பாடிக்கொண்டே உட்காருங்கள் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள் என்று ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறோம். அப்போஸ்தலர் 16:25. பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது, அதெல்லாம் அடுத்த வசனம். அதற்கு முன்னால் ஒரு அரை வரி வருகிறது, நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம்: "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்." அடுத்த அறையில் கிடந்தவனுக்குக் காதில் விழுந்திருக்கிறது. கண்ணீரைத் தலையணைக்குள் விடலாம் அண்ணே, பக்கத்து அறைக்குத் தெரியாது.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறதா ஐயா? நன்றி. அப்படியானால் வாதத்தை இங்கேயே வைத்துவிடுகிறேன். வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

2021 மே மாதம் அத்தை போய்ச் சேர்ந்தார். கொரோனா இல்லை, வயசு. ஆனால் ஊரடங்கு. நம் சபையில் எந்த வீட்டில் சாவு என்றாலும் கல்லறையில் முதல் பாட்டு எடுக்கிறவர் அவர்தான், உங்களுக்கே தெரியும். அவருக்குப் பாட ஆள் இல்லை. பாடகர் குழு வர முடியாது. கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஐந்து பேர் போனோம். ஆயர் ஜெபித்தார். பாட்டு என்றார். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். மேடையில் பேசுகிறவனாம்.

அந்த மாடியில் அவர் பாடிய கீர்த்தனையையே எடுத்தேன். என் குரல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பல்லவி வந்தது. முதல் சரணம் பாதி வந்தது. அதற்குமேல் வரவில்லை. மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. குழிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நின்ற தொழிலாளியிடம், மூடிவிடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அவர் மண்ணை அள்ளவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தார். "இந்தம்மா இங்க வந்தா பாதியில விடமாட்டாங்க சார். முழுசாப் பாடிட்டுத்தான் போவாங்க. மீதியையும் பாடிடுங்க. நான் நிக்கிறேன்" என்றார்.

பாடினேன். அழுதுகொண்டேதான் பாடினேன். அண்ணே, அதற்கு ஒரு மதிப்பெண் உங்கள் அணிக்கு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை.

மணி அடித்துவிட்டது. இறங்குகிறேன் ஐயா.