டேட்டாஷீட்டில் 1.8, போர்டில் 1.9: எதை நம்புவது?

அடுத்த கேள்வி கோயம்புத்தூர் கணபதியிலிருந்து. மோட்டார் டிரைவ் செய்கிற சின்ன யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்28335 ப்ராசஸருக்கு கோர் வோல்டேஜ் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிக்கான சப்ளை) 1.8 வோல்ட் என்று டேட்டாஷீட்டில் பார்த்தேன். சிப்பைச் சோதித்துப் பார்க்கத் தரும் எவால்யுவேஷன் போர்டில் மீட்டர் வைத்தால் 1.9 காட்டுகிறது. போர்டு கோளாறா? நாங்கள் சொந்தமாகப் போடும் போர்டில் எதை வைப்பது?"

போர்டில் கோளாறு இல்லைங்க தம்பி. டேட்டாஷீட்டிலும் தப்பில்லை. நீங்கள் அந்த வரியில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். டேட்டாஷீட்டில் ரெக்கமண்டட் ஆபரேட்டிங் கண்டிஷன்ஸ் (சிப்பை ஓட்ட வேண்டிய எல்லைகள்) அட்டவணைக்குப் போங்கள். கோர் சப்ளைக்கு அங்கே இரண்டு வரிகள் இருக்கும். 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 1.8 வோல்ட், 150 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 1.9. போர்டு செய்கிறவர் சிப்பின் முழு வேகத்தையும் காட்டத்தானே பார்ப்பார்? அதனால் 1.9 வைத்திருக்கிறார்.

ஒரு டிரான்சிஸ்டர் ஆன், ஆஃப் ஆக எடுக்கும் நேரம் வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகும். கிளாக் (சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பு) வேகமாக அடிக்கும்போது, அடுத்த அடிக்குள் உள்ளே கணக்கு முடிந்தாக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கூடுதல் 0.1 வோல்ட். சும்மா வருவதில்லை, கிளாக் மாறாமல் 1.8-ஐ 1.9 ஆக்கினாலே ஸ்விட்சிங்கில் போகும் பவர் சுமார் 11 சதவீதம் ஏறும்.

இப்போது அட்டவணையில் எல்லைகளைப் பாருங்கள். 150-க்கான வரியில் குறைந்தபட்சம் 1.805 வோல்ட், அதிகபட்சம் 1.995. அதாவது 1.8 வைத்து 150-ல் ஓட்டினால் 5 மில்லிவோல்ட் கீழே நிற்கிறீர்கள். மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஓடத்தான் செய்யும், ஒரு குறையும் தெரியாது. அதே போர்டை ஸ்பின்னிங் மில் பேனலுக்குள் சித்திரை வெயிலில் வைத்துப் பாருங்கள். சூட்டில் சிப் இன்னும் மெதுவாகும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சப்ளை சற்றே குழியும், ப்ரோக்ராம் எங்கேயோ தாவிவிடும். இந்த மாதிரிக் கோளாறில் எல்லோரும் சாஃப்ட்வேரைத்தான் திட்டுவார்கள்.

சரி, போர்டு எந்த வோல்டேஜுக்குச் செய்தது என்று ரெசிஸ்டரைப் பார்த்தே சொல்லலாம். இந்தக் குடும்பத்துச் சிப்களோடு அடிக்கடி வரும் இரட்டை ரெகுலேட்டர் டிபிஎஸ்767டி301. ஒரு பக்கம் 3.3 வோல்ட் நிலையாகக் கொடுக்கும், மறுபக்கம் நாம் செட் செய்வது. அதன் உள் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க உள்ளேயே வைத்திருக்கும் வோல்டேஜ், 1.1834 வோல்ட். வெளியே வரும் வோல்டேஜை இரண்டு ரெசிஸ்டர்கள் செட் செய்யும். கீழே 30.1 கிலோ ஓம், மேலே 18.2 கிலோ ஓம் இருந்தால் 1.9 வரும். மேலே 15.8 ஆக மாற்றினால் சுமார் 1.8. ஸ்கீமேட்டிக்கைக் காப்பியடிக்கும்போது இந்த ரெசிஸ்டரையும் பிஎல்எல் (கிளாக் வேகத்தை நிர்ணயிக்கும் பகுதி) செட்டிங்கையும் சேர்த்தே எடுங்கள். ஒன்றை அந்தப் போர்டிலிருந்தும் இன்னொன்றை வேறு போர்டிலிருந்தும் எடுத்தால் தொல்லைதான்.

அளப்பதையும் ரெகுலேட்டர் வாயில் அளக்காதீர்கள். ப்ராசஸர் பின்னுக்குப் பக்கத்திலிருக்கும் கெபாசிட்டரில் அளங்கள், நடுவில் டிராக்கில் கொஞ்சம் விழுந்திருக்கும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், கண நேரக் குழி அதில் தெரியாது. ஆசிலோஸ்கோப் வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து யூனிட்டில் கேட்டு வாங்கியாவது பாருங்கள்.

இன்னொன்று. எவால்யுவேஷன் போர்டுக்கு 5 வோல்ட் அடாப்டர் கொடுக்கிறோம் என்பதற்காகச் சிப்பின் பின்களும் 5 வோல்ட் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்களுக்கு 3.3, ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) உள்ளீட்டுக்கு 0 முதல் 3 வோல்ட் வரை மட்டுமே. கரண்ட் சென்சார் 5 வோல்ட் வகையாக இருந்தால் நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர் டிவைடர் கட்டாயம்.

ஆர்டுயினோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதிலிருக்கும் ஏடிமெகா328பி சிப் 1.8 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 4.5-க்குக் குறையக் கூடாது. 3.3 வோல்ட் ஆர்டுயினோ ப்ரோ மினி போர்டில் 8 மெகாஹெர்ட்ஸ் வைத்திருப்பது அதனால்தான்.

தம்பி, உங்கள் டிரைவுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் போதுமா என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். கண்ட்ரோல் லூப் (மோட்டாரை அளந்து திருத்தும் கணக்கு திரும்பத் திரும்ப ஓடுவது) அந்த வேகத்தில் நேரத்துக்குள் முடிகிறதென்றால் நான் 1.8-ஐத்தான் எடுப்பேன், பேனலுக்குள் சூடாவது குறையும். போதவில்லையென்றால் 1.9 வையுங்கள்.