சிக்கமகாமிக்கோவில் கண்டது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நகராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, கடலோரக் காவல் ஆய்வாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பங்குத்தந்தை அவர்களே, மீனவப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, எனக்கு முன்பு பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. சால்வைக்குப் பதில் புத்தகம் தரலாம் என்று சென்ற ஆண்டே சொன்னேன். இந்த ஆண்டும் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, ரோடாந்தே என்ற கடலோரச் சிற்றூரில், கரைக்கு அருகே கப்பல் உடைந்தால் ஆட்களைக் காப்பாற்ற அமைத்த சிக்கமகாமிக்கோ உயிர்மீட்பு நிலையத்தைப் பார்த்தேன். இப்போது அது அருங்காட்சியகம். கட்டடம், கருவிகள், மனிதர்கள் என்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்.

முதலில் கட்டடம். 1874இல் எழுந்த மர வீடு ஒன்று, 1911இல் எழுந்த பெரிய வீடு ஒன்று. 1954இல் நிலையத்தை மூடினார்கள். உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியது. 1974இல் ஒரு சங்கம் அமைத்து, அதைச் சீர்செய்து எழுப்பினார்கள். 1918இல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தீப்பிடித்த மிர்லோ என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலிலிருந்து 42 பேரை மீட்ட படகு இன்றும் அங்கே நிற்கிறது. தொட்டுப் பார்க்க ஆசை வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கரைக்கு 'அட்லாண்டிக்கின் இடுகாடு' என்று பெயர். கடலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்மேடுகள். 1877 நவம்பர் 24 அன்று ஹியூரன் என்ற போர்க்கப்பல் தரைதட்டியது. 98 பேர் மாண்டார்கள். பக்கத்திலேயே மீட்பு நிலையம் இருந்தது, ஐயா! ஆனால் பூட்டியிருந்தது. ஆட்களுக்குச் சம்பளம் டிசம்பர் முதல் தேதியிலிருந்துதான். கப்பல் ஒரு வாரம் பொறுத்து உடைந்திருக்க வேண்டுமாம்! அடுத்த ஜனவரியில் மெட்ரோபோலிஸ் என்ற கப்பலில் மேலும் 85 பேர் போன பிறகுதான் நாடாளுமன்றம் விழித்து, மீட்புப் பணியை விரிவாக்கச் சட்டம் போட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

இனி மனிதர்கள். ரோடாந்தேக்கு வடக்கே பீ தீவில் இன்னொரு நிலையம் இருந்தது. அதன் தலைவர் ரிச்சர்ட் எதெரிட்ஜ். அடிமையாகப் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டையிட்டவர். 1880இல் அவரைத் தலைவராக்கினார்கள். அவருடைய குழுவில் எல்லோரும் கறுப்பின மக்கள்.

1896 அக்டோபர் 11. பெரும்புயல். அலை கரையைத் தாண்டி ஓடியதால் ரோந்தை நிறுத்திவிட்டார்கள். நிலையத்தில் விழித்திருந்த மீக்கின்ஸ் என்பவர் இருளில் ஒரு வெளிச்சம் கண்டது போலிருக்க, தாமும் ஒரு தீப்பந்தம் கொளுத்திக் காட்டினார். தலைவரையும் அழைத்தார். இருவரும் இருளையே பார்த்து நிற்கிறார்கள். தூரத்தில் மினுக்கென்று ஒரு பதில்! இ.எஸ். நியூமன் என்ற பாய்மரக் கப்பல். மாலுமிகளோடு கப்பல் தலைவரின் மனைவியும் மூன்று வயதுப் பிள்ளையும் அதில் இருக்கிறார்கள்.

கோவேறு கழுதைகள் வண்டியை இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தன. படகை இறக்க வழியில்லை. கயிறு எறியும் சிறு பீரங்கியை இயக்க மணலில் நங்கூரம் புதைக்க வேண்டும், மணலே நீருக்கடியில். எதெரிட்ஜ் என்ன செய்தார்? இரண்டு பேரைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார். கயிற்றின் மறுமுனையைக் கரையில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "இறங்குங்கள்" என்றார். இறங்கினார்கள்! முதலில் பிள்ளை வந்தது. பிறகு தாய். களைத்தவர்கள் கரையேற, அடுத்த இருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். (கைதட்டுங்கள், இது எனக்கில்லை!)

இவர்களுக்குத் தங்கப் பதக்கம் எப்போது வந்தது தெரியுமா? 1996இல். நூறு ஆண்டு கழித்து! எதெரிட்ஜ் 1900இலேயே இறந்துவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் சொன்னால் என் பேத்தி சிரிக்கிறாள். வேறெப்படிச் சொல்வது? அந்த நிலையமும் இப்போது இல்லை. அதன் சமையல்கட்டு மட்டும் மேன்டியோ ஊரில் காட்சியகமாக மிஞ்சியிருக்கிறது.

கருவிகளைப் பற்றிச் சொல்ல ஆசைதான். மிதவை வளையத்தில் கால்சட்டையைத் தைத்து, அதில் ஆளை உட்காரவைத்துக் கயிற்றில் இழுப்பார்கள். கோடையில் அங்கே செய்தும் காட்டுகிறார்கள். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், ஆகவே நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்த மீட்பர்கள் யார்? பெரும்பாலும் அந்தக் கரையின் மீனவர்கள். மணலும் நீரோட்டமும் அவர்களுக்கே தெரியும் என்று அரசு சம்பளம் கொடுத்து நிறுத்தியது. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் படகு இறக்கி மக்களைக் கரைசேர்த்தவர்களும் நம் மீனவர்கள்தாம். அந்தக் கைகளை வெள்ளம் வந்தபோது மட்டும் கூப்பிடுவது என்ன நியாயம்? நம் கடற்கரையில் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் தந்து, பன்னிரண்டு மாதமும் ஒரு மீட்புக் குழு இருக்க வேண்டும். 'சீசனுக்கு மட்டும்' என்று யாராவது சொன்னால் ஹியூரன் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

நகராட்சித் தலைவர் அம்மையாரிடம் மனுவை மேடையிலேயே தருகிறேன். அதன் நகல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் காபி குடிக்கப் போகக் கூடாது. பேனா கொண்டுவராதவர்களுக்கு மாணவர்கள் தருவார்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.