தோப்புக்குள் குழாய், எல்லைக்கு அப்பால் பங்க்

(கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து வாயனசாலை என்கிற நூலகம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். காய் வெட்டு நாளில் கூட்டம் வைத்திருக்கிறார்களே, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. எண்ணெய்க் குழாய் என்ற ஒரு சொல் செய்த வேலை அது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே வருவதற்கு முன்னால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கோபாலபுரம் போய் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் வந்தேன். சிரிக்காதீர்கள், வெளியே நிற்கிற வண்டிகளில் பாதி அங்கே குடித்ததுதான். இந்தப் பக்கம் நாம் பம்பு என்கிறோம். எல்லையைத் தாண்டினால் அதுவே பங்க். பெயர் மாறுகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, அதனால் அவர்கள் கள்ளுக்கு இங்கே வருகிறார்கள். நாம் பெட்ரோலுக்கு அங்கே போகிறோம். “கணக்கு நேராகிப் போச்சுங்க” என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். அவருக்கு இரண்டு பக்கத்துக் கணக்கும் நன்றாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழாய் போட அளக்கவென்று தோப்புக்குள் டேப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடமாடியதிலிருந்து டீக்கடைகளில் ஒரே பேச்சுத்தான். “நம்ம தென்னைக்கு அடியில எண்ணெய் ஓடப்போகுது, விலை மட்டும் நமக்குக் கூடுதல். இது என்னங்க நியாயம்?” மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் இந்தக் கேள்விக்குள் இரண்டு கணக்கு பின்னிக் கிடக்கிறது. ஒன்று விலைக் கணக்கு, இன்னொன்று நிலக் கணக்கு. முதலாவதைத் திருவனந்தபுரத்தில் கேட்க வேண்டும். இரண்டாவது டில்லியில் போட்ட சட்டம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டு இடத்திலும் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அனுப்பவும் செய்கிறார்கள்.

குழாய் ஏன் நம் பக்கம் வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது, அந்த வாசலில் நாம் குடியிருக்கிறோம். காற்று, ரயில், நான்கு வழிச் சாலை, மின்கம்பி எல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது. எண்ணெய் மட்டும் மலை ஏறியா போகும்? கொச்சிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவைக்குப் பக்கத்து இருகூர் வழியாகக் கரூர் வரைக்கும் ஒரு குழாய் 2002-இலேயே வந்துவிட்டது. ஒரே குழாயில் பெட்ரோல் கொஞ்ச நேரம், டீசல் கொஞ்ச நேரம், ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தள்ளுகிறார்கள். நடுவில் இரண்டும் கலக்கிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்வார்கள். அப்புறம் நம் மாவட்டத்திலேயே கூட்டநாட்டிலிருந்து வாளையாருக்கு எரிவாயுக் குழாய். டேங்கர் லாரியைவிட இது மலிவு, சாலைக்கும் ஆபத்துக் குறைவு. குழாயே கூடாது என்று பேச நான் வரவில்லை.

இனி விலை. குழாய் வந்தால் பெட்ரோல் மலியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலையில் கிளம்பும்போது வைக்கிற விலை வெளிநாட்டுச் சந்தையை ஒட்டியது. 2006-இலிருந்து 80 பங்கு இறக்குமதி விலை, 20 பங்கு ஏற்றுமதி விலை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். எண்ணெய் உங்கள் தோப்பு வழியாக வந்ததா, வளைகுடாவிலிருந்து நேராக வந்ததா என்று அந்தக் கணக்குக் கேட்பதில்லை. கொண்டுவருகிற செலவு அதில் ஒரு சின்னத் துண்டு. மிச்சமாவது கம்பெனிக்கு மிச்சம்.

எல்லையில் தெரிகிற வித்தியாசம் கிட்டத்தட்ட முழுக்க வரி. இங்கே பெட்ரோலுக்கு 30.08 சதவீத விற்பனை வரி, அதன் மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் வரி, 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று இரண்டு ரூபாய் செஸ். தமிழ்நாட்டில் 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு நிலையாக. 2021 ஆகஸ்டில் அவர்கள் மூன்று ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 80 ரூபாய் என்று வையுங்கள்: இங்கே வரி 27 ரூபாய்க்கு மேல், அங்கே 22 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. அதே விலை 60 ரூபாயாக இறங்கினால் வித்தியாசம் இரண்டு ரூபாய்க்கும் கீழே வந்துவிடும். நம்முடையது பெரும்பாலும் சதவீதம், அதனால் உலகத்தில் எங்கே விலை ஏறினாலும் கூடவே ஏறிக்கொள்ளும். அவர்களுடையதில் பாதி நகராமல் அப்படியே நிற்கும். சித்தூர்த் தாலூக்காவிலிருந்து விடியற்காலையில் தெற்கே ஓடுகிற கள்ளு வண்டிக்காரர்களைக் கேளுங்கள், டீசலில் இதே கதையைச் சொல்வார்கள். தெற்கு எல்லையில் களியக்காவிளையிலும் இதுதான், வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த மாஹியிலும் இதுதான். செஸ்ஸை நம்முடைய ஓய்வூதியப் பெரியவர்களுக்குத்தான் தருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மாவும் அதில் ஒருத்தி. பையனிடம் பம்பில் வாங்கி அம்மாவிடம் கொடுக்கிறார்கள். நான் கோபாலபுரம் போய் அதையும் தப்பித்துக்கொள்கிறேன்.

விலைக் கணக்கு இவ்வளவுதான். நிலக் கணக்குத்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வாளையார்ப் பக்கம் எங்கள் மாமா ஒருவருக்குத் தோப்பு. ஒரு நாள் ஆள் வந்து காகிதம் நீட்டியிருக்கிறார்கள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. மாமாவுக்குத் தமிழ் மட்டும் படிக்க வரும். அளப்பதற்கு அனுமதி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். மண்ணைத் தோண்டி, குழாயை வைத்து, மூடிவிட்டுப் போன பிறகு, விழுந்த தென்னைகளுக்குப் பதிலாகக் கன்று வைக்கப் போனார். “இங்கே மரம் நடக்கூடாது” என்று சொன்னார்கள். “என் நிலம்தானே?” என்றார். “உங்கள் நிலம்தான்” என்றார்கள்.

சட்டம் அப்படித்தான். 1962-இல் வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தை எடுத்துக்கொள்ளாது. நிலத்தைப் பயன்படுத்துகிற உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும். தண்டப்பேர், அதாவது வில்லேஜ் ஆபீஸில் இருக்கிற நிலக் கணக்கு, உங்கள் பெயரில்தான் இருக்கும், நிலவரி நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, குளம் எடுக்கக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. கடலை போடலாம், சோளம் போடலாம். நெல் வயலுக்கு இது பெரிய இடி இல்லை. தென்னந்தோப்புக்கு?

கணக்குப் பாருங்கள். பட்டை 18 மீட்டர் அகலம், உங்கள் தோப்புக்குள் 100 மீட்டர் நீளம் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 44 சென்ட். இருபத்தைந்து அடிக்கு ஒன்று என்று நட்டால் 31 தென்னை. வெட்டுகிற மரத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு தனியாக உண்டு. ஆனால் அந்த மண்ணுக்கு? சந்தை மதிப்பில் பத்து சதவீதம், ஒரே ஒரு தடவை. தென்னை அறுபது வருஷம் காய்க்கும். பேரன் காலத்திலும் அங்கே கன்று வைக்க முடியாது. வீட்டு மனையாக விற்கலாம் என்றால் குழாய் போவதைக் காட்டுகிற மஞ்சள் குறிக்கல்லைப் பார்த்ததும் வாங்க வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்.

பயம் தனி. ஆந்திராவில் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பயப்படுகிற பெண்களைப் பார்த்து ‘விவரம் இல்லாதவர்கள்’ என்று பேசுகிற அதிகாரிகள் அந்த ஊருக்கு ஒரு நடை போய் வரட்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னார்கள். 2013-இல் தமிழ்நாடு அரசும் அவர்கள் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். இருகூரிலிருந்து பெங்களூருப் பக்கம் போகிற எண்ணெய்க் குழாய்க்கும் அதே ‘சாலை ஓரம்’ கோரிக்கைதான். நம் மாநிலத்தில், கோழிக்கோடு மாவட்டம் முக்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில், எரஞ்ஞிமாவில், எரிவாயுக் குழாய்க்கு எதிரான போராட்டம் 2017-இல் தடியடி வரைக்கும் போனது. குழாய் நிற்கவில்லை, ஆனால் நஷ்டஈடு உயர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ‘என் நிலத்துக்குள் வராதே’ என்று மட்டும் நின்றவர்களைவிட ‘எவ்வளவு தருவாய்’ என்று விடாமல் கேட்டவர்களுக்கு ஏதோ கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் உங்களில் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

கேட்பதற்கு ஒரு காலம் இருக்கிறது. அரசிதழில் அறிவிப்பு வந்து, அதன் நகல் பொதுமக்கள் கைக்குக் கிடைக்கிற நாளிலிருந்து 21 நாள். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், அந்தச் சட்டப்படி நியமித்த அதிகாரி உங்களை நேரில் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும், வக்கீலையும் அனுப்பலாம். இருபத்திரண்டாம் நாள் போய் நின்றால் நீங்கள் வெறும் பார்வையாளர். பத்து சதவீதத்துக்கு எந்த மதிப்பை எடுத்தார்கள் என்பதில் தகராறு வந்தால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மாமாவுக்கு இது ஒன்றும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, அதுதான் உறுத்தல்.

இன்னொன்று. 1969-இல் வந்த கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? வில்லேஜ் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காசு கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கொடுத்துவிட்டு வருகிறோம்.

அதனால் தமிழில் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நூலகர் மேசையில் நகல்கள் இருக்கின்றன. மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன்: அறிவிப்பின் சாரம் தமிழில் வேண்டும், சாலை ஓர வழியைப் பரிசீலித்தீர்களா என்று சொல்ல வேண்டும், தென்னைக்கு ஒற்றைத் தடவைத் தொகைக்குப் பதில் ஆண்டு வாடகை வேண்டும். மூன்றாவது இன்றைய சட்டத்தில் இல்லை, தெரிந்தேதான் எழுதினேன். பெட்ரோல் விலை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, தேடாதீர்கள். சர்வே எண்ணுக்கும் தண்டப்பேர் எண்ணுக்கும் இடம் விட்டிருக்கிறேன். எண் நினைவில்லாதவர்கள் வீட்டுக்குப் போய் வரிச் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஏழு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.