அப்பா ஏன் கீழே பார்ப்பதில்லை?

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், முதியோரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் மாலை வணக்கம். துன் சம்பந்தன் சாலை நெரிசலைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். பலர் அப்பா அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கிறீர்கள். அதனால் முன்னுரை வேண்டாம்.

பார்க்கின்சன் என்றதும் நமக்குக் கை நடுக்கம் நினைவுக்கு வரும். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோது, புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்றுதான் எழுதினார். அந்த எண்ணம் வெகுகாலம் நிலைத்தது. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. கண் அசைவையும் கவனத்தையும்கூட இந்த நோய் தொடுகிறது; அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எல்லாரும் ஒரு கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் கண் கூர்மையாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மங்கல். நமக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் கண் நொடிக்கு மூன்று முறை போல இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. அடுத்து எங்கே தாவுவது என்பதைக் கவனம் முடிவு செய்கிறது. மூளையில் கண் அசைவுக்கும் கவனத்துக்கும் பெரும்பாலும் பொதுவான பாதைகள்தாம். ஒன்று கெட்டால் மற்றதும் தடுமாறும்.

கண் தாவலைக் கிளப்பும் இடம் நடுமூளையில் இருக்கிறது. பெயர் சுப்பீரியர் கொலிகுலஸ்; பெயரை மறந்தாலும் பரவாயில்லை. பேசல் கேங்லியா என்ற பகுதி அதன்மேல் எந்நேரமும் பிரேக்கை அழுத்தி வைத்திருக்கிறது. தாவ வேண்டிய கணத்தில் மட்டும் விடும். 1983இல் ஹிகோசாகாவும் வுர்ட்ஸும் குரங்குகளிடம் இதை அளந்து காட்டினார்கள். ஓயாமல் துடித்துக்கொண்டிருந்த நரம்பணுக்கள், கண் தாவுவதற்குச் சற்று முன் அடங்கிப்போயின. பார்க்கின்சனில், நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவதால் இந்தப் பிரேக் சரியாக விடுபடுவதில்லை.

அதனால் என்ன ஆகிறது? திடீரென்று ஒரு விளக்கு எரிந்தால் அப்பாவின் கண் ஓரளவு சரியாகவே அங்கே போகும். ‘சற்றுமுன் விளக்கு எரிந்த இடத்தைப் பாருங்கள்’ என்று சொன்னால்தான் சிக்கல். தாவல் பாதியிலேயே நின்று, சின்னச் சின்னதாக எட்டுவைத்துப் போய்ச் சேரும். இன்னொரு சோதனையில், விளக்கு எரிந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்வார்கள். கண் விளக்கின் பக்கமே ஓடிவிடும். புரியாமல் இல்லை, இழுப்பை அடக்க முடிவதில்லை.

வாசிப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அது பலவீனமானால் எழுத்து இரண்டாகத் தெரியும். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பதால் மட்டும் இது தீராது. ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா என்று பார்த்து, அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். பத்துமலை முருகன் கோயிலில் 272 படிகள். எல்லாரும் ஏறுவதைத்தான் பெரிதாகப் பேசுகிறோம். சிலருக்கு இறங்குவதுதான் ஆபத்து. பார்க்கின்சன் என்றே முதலில் பெயர் வாங்கிக்கொள்ளும் வேறொரு நோய் இருக்கிறது. 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸ்செவ்ஸ்கி மூவரும் விவரித்தார்கள். புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி என்று பெயர்; மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.எஸ்.பி. என்பார்கள். இதில் கண் மேலும் கீழும் தாவும் வேகம் குறைகிறது. நாளடைவில் கீழ்ப்பார்வையே நின்றுபோகும். முறைத்துப் பார்ப்பதுபோல் முகம் இருக்கும், இமைப்பது குறையும், தொடக்கத்திலேயே பின்பக்கமாக விழுவார்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோப்பா மருந்து இதற்குப் பெரிதாக உதவாது.

வீட்டில் என்ன நடக்கிறது? இலையில் இருப்பது தெரியாமல் சோறு சட்டையில் சிந்துகிறது. ‘பார்த்துச் சாப்பிடுங்களேன்பா’ என்கிறோம். பார்க்கத்தான் அவரால் முடியவில்லை! இலையையோ தட்டையோ உயரமான பலகைமேல் வையுங்கள், பாதித் தொல்லை குறையும்.

மருத்துவர் ஒரு சோதனை செய்வார், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ‘கீழே பாருங்கள்’ என்றால் கண் இறங்காது. அப்புறம் நேரே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, முகவாயைப் பிடித்துத் தலையை மேலே நிமிர்த்துவார். கண் தானாகக் கீழே வரும். தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன, மேலிருந்து வரும் கட்டளைதான் கெட்டிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. கருவி எதுவும் தேவையில்லை.

ஹன்டிங்டன் நோயில், பார்வையைத் திருப்பத் தொடங்குவதே கஷ்டம். கண்ணைச் சிமிட்டியோ தலையை வெடுக்கென்று திருப்பியோதான் சிலர் தொடங்குவார்கள். அது மரபுவழி நோய். இன்னொரு நாள் பேசலாம்.

கவனத்துக்குத் திரும்புகிறேன். நமக்கு நடை தானாக நடக்கிறது. பார்க்கின்சன் வந்தவர் கவனம் செலுத்தித்தான் நடக்கிறார். அம்மா பாத்ரூமுக்கு நடக்கும்போது ‘மருந்து சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் கவனம் பிரியும், கால் ஒட்டிக்கொள்ளும். அவர் உட்கார்ந்தபின் கேளுங்கள். கால் உறையும் வாசலில் தரையில் குறுக்குக் கோடுகளாக டேப் ஒட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டு என்று கண் சொல்ல, கால் கிளம்பிவிடும். எல்லாருக்கும் இது வேலை செய்யாது. செய்கிறவர்களைப் பார்த்தால் மாயம்போல இருக்கும்.

கைப்பேசிக் கேமராவைக் கண்முன் காட்டினால் பார்க்கின்சன் தெரிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். கண் அசைவை அளக்கும் ஆய்வுகள் நடக்கின்றன, சரி. ஆனால் பரிசோதிக்கும் மருத்துவருக்குப் பதிலாக அந்தக் கருவிகள் இன்னும் வரவில்லை. கைப்பேசியை வேறு வழியில் பயன்படுத்துங்கள். அப்பா படி இறங்குவதையும் சாப்பிடுவதையும் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். யாராவது அவர் கையைப் பிடித்திருக்கட்டும்; வீடியோவுக்காகத் தனியாக இறங்க விடாதீர்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் எழுதி வையுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரமும் செய்யாத நேரமும் வேறு வேறு மனிதரைக் காட்டும், மருத்துவருக்கு இரண்டையும் பார்க்க வேண்டும்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. கேளுங்க அம்மா.