நினைவில் இனிப்பது இடமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "நாம் விரும்பிச் சென்ற பழைய மதுக்கூடங்கள் நினைவில் இனிப்பதற்குக் காரணம் அந்த இடமா, உடனிருந்த மனிதர்களா?" என்ற தலைப்பில், இடமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மேசையும் நாற்காலியும் யாரையும் தோளில் தட்டி ஆறுதல் சொன்னதில்லை என்றும், நண்பர்கள் கூடினால் மொட்டை மாடியும் மதுக்கூடம்தான் என்றும் சொல்லிப் பெருத்த கைதட்டலைப் பெற்றார். கேட்க இனிமையான வாதம்தான். ஆனால் மொட்டை மாடிக்கு யார் வருவார்கள்? நாம் அழைத்தவர்கள் வருவார்கள். நம் வயதும் தொழிலும் இல்லாத, பெயர்கூடத் தெரியாத ஒருவர் தற்செயலாக அருகில் வந்து அமர்ந்து, ஓராண்டு கழித்து நம் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பது எந்த மாடியில் நடக்கும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். வீடு முதல் இடம், வேலை செய்யுமிடம் இரண்டாம் இடம். அழைப்பும் பதவியும் தேவைப்படாமல், போனால் யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு போகக்கூடியது மூன்றாம் இடம். 'பப்' என்ற சொல்லே 'பொது வீடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்தானே! அந்தப் பெயரில் மனிதர் யாருமில்லை, வீடு இருக்கிறது.

நான் 11 ஆண்டுகள் சென்ற மதுக்கூடத்தை உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன். பெரிய இடமன்று. கதவைத் தள்ளினால் நேரே நீண்ட மரக் கவுன்டர். அது சுவரை எட்டுமுன் இடப்பக்கம் வளைந்து, அந்த வளைவில் மூன்றே மூன்று ஸ்டூல்கள். கவுன்டரின் விளிம்பில், வருபவர்களின் முழங்கைகள் ஊன்றி ஊன்றி, மெருகு தேய்ந்து வெளிறிய ஒரு பட்டை ஓடும். நேர்ப்பகுதியில் அமர்ந்தவர்கள் எதிரே அடுக்கிய பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வளைவில் அமர்ந்தவர்களுக்கோ மற்றவர்களின் முகம் தெரியும். முகம் தெரிந்தால் ஒரு தலையசைப்பு, தலையசைப்பிலிருந்து ஒரு சொல், அந்தச் சொல்லிலிருந்து ஓர் இரவு முழுக்க நீளும் பேச்சு என்று அங்கே உருவான அத்தனை நட்புக்கும் அந்த மரத்தை வளைத்த தச்சர்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைவிட ஒரு சான்று சொல்லட்டுமா? எங்களில் பலருக்குப் பலரின் பெயர் தெரியாது. வளைவுக்காரர், தூணடிக்காரர், கதவோரத்துக்காரர் என்றுதான் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்வோம். மனிதர்களுக்கு அந்த இடமே பெயர் வைத்தது, நடுவர் அவர்களே.

ஒரு நாள் அது மூடப்பட்டது. நாங்கள் ஐந்து பேர் விடவில்லை. வேறொரு பாரைத் தேர்ந்தெடுத்து, அதே கிழமை, அதே நேரம் என்று முடிவுசெய்து கூடினோம். அங்கே மேசைகள் நால்வருக்கானவை; ஐந்தாமவருக்கு ஒவ்வொரு முறையும் நாற்காலி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பாட்டின் சத்தத்தில் பாதிப் பேச்சு விழுங்கப்பட்டது. மூன்றாம் மாதம் இருவர் மட்டுமே வந்தோம். அதன் பிறகு அதுவும் நின்றது. எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஐவரும் நலமாக இருக்கிறோம். எதிரணியினர் சொல்வதுபோல் இனிமை மனிதர்களிடமே இருந்ததென்றால், ஐந்து மனிதர்களும் இருந்தபோதே அது ஏன் போயிற்று?

இது என் ஒருவனின் அனுபவம் என்று தள்ளிவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் 'ஈகிள் அண்ட் சைல்ட்' என்ற பப்பின் உள்ளறை ஒன்றில் சி. எஸ். லூயிஸ், டோல்கீன் முதலிய இலக்கிய நண்பர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் ஆண்டுக்கணக்கில் கூடிவந்தார்கள். 1962இல் அந்தப் பப் மாற்றிக் கட்டப்பட்டு அறையின் தனிமை போனதும், அவர்கள் தெருவின் எதிர்ப்புறத்துப் பப்புக்கு மாறினார்கள். 1963இல் லூயிஸ் மறைந்தார். கூட்டமும் மெல்ல ஓய்ந்தது. அவர் மறைவே முடிவுக்குக் காரணம் என்று எதிரணியினர் சொல்லலாம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அவர்களை அந்தக் கூடத்திலிருந்து கிளப்பியது மரணமன்று, ஒரு கட்டட மாற்றம்.

"ஆளில்லாத கூடத்தில் தனியே அமர்ந்தால் இனிக்குமா?" என்று கேட்டார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். இனிக்கும், அம்மா. மாலையில் கதவு திறந்த முதல் அரைமணி நேரத்தை அறிந்தவர்களுக்கு அது தெரியும். பணியாளர் கண்ணாடிக் குவளைகளைத் துணியால் துடைத்து விளக்கின் எதிரே பிடித்துப் பார்ப்பார். சன்னல் வழியே வரும் சாய்ந்த வெயில் கவுன்டரின் பாதிவரை எட்டும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என் வாழ்வின் சில முக்கியமான முடிவுகளை அந்த அரைமணி நேரத்தில் எடுத்திருக்கிறேன்.

நினைவு எப்படி இயங்குகிறது என்பதும் எங்கள் அணியின் பக்கமே நிற்கிறது. 1975இல் காடன், பாடலி என்ற இரு உளவியலாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலும், கரையில் கற்ற சொற்கள் கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. ஆள் மாறவில்லை, சொல் மாறவில்லை; இடம் மாறியதும் நினைவு குறைந்தது. மதுதான் அந்த இனிமைக்குக் காரணம் என்று யாரேனும் எண்ணினால், அளவு மீறிய மது புதிய நினைவுகள் பதிவதையே தடுக்கும் என்பதைச் சொல்லி மேலே செல்கிறேன்.

கேம்பிரிட்ஜில் 'ஈகிள்' என்ற பப் இருக்கிறது. டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த செய்தியை 1953 பிப்ரவரி 28 அன்று விஞ்ஞானி கிரிக் அங்கேதான் உரக்கச் சொன்னார் என்று அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த வாட்சன் பின்னாளில் எழுதினார். என் மனம் செல்வது அந்தப் பப்பின் கூரைக்கு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வந்த விமானப்படை வீரர்கள், மெழுகுவர்த்தியாலும் லைட்டராலும் தங்கள் பெயர்களையும் படைப்பிரிவு எண்களையும் கூரையில் கருக்கி எழுதினார்கள். மறுநாள் திரும்பி வருவோமா என்று தெரியாத இளைஞர்கள், தங்களை நினைவில் வைத்திருக்கும்படி கேட்டது அந்தக் கூரையிடம். அது இன்றும் வைத்திருக்கிறது.

நிறைவாக, துக்கத்துக்கு முதலில் வந்தவர் என்று சொன்னேனே, அவர்தான் எங்கள் வளைவுக்காரர். அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வுபெற்றவர். கூடம் மூடிய பின் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. நாளடைவில் அவர் குரலும் எனக்கு மறந்துபோயிற்று. சென்ற ஆண்டு அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தேன். இப்போது அது மருந்துக் கடை. பணம் கட்டும் இடம் பழைய வளைவு இருந்த அதே மூலை. அங்கே நின்றபோது, "உட்காருங்க தம்பி, அவசரம் ஒண்ணுமில்லையே?" என்ற குரல் அப்படியே கேட்டது. கடைக்காரர் நீட்டிய மீதிப் பணத்தை வாங்க மறந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு அப்போது நண்பர் எவரும் இல்லை, நடுவர் அவர்களே. அந்த மூலை இருந்தது. இடமே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.