சின்ன வண்டியில் கை வைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருநாள் இந்த ஆசை வரும். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் வண்டிக்கு அகலமான சக்கரம், உறுமுகிற சைலன்சர். பச்சை விழுந்ததும் அது பறந்துவிடும். நம்முடையது முனகிக்கொண்டே கிளம்பும். ‘நாமும் இதில் கொஞ்சம் வேலை பார்த்தால் என்ன?’ என்று தோன்றும். இருபது வருஷத்துக்கு மேலாக வண்டிப் பட்டறை நடத்துகிறேன். இந்த ஆசையோடு வருகிறவர்களை நான் தட்டிக்கழித்ததே இல்லை. வண்டி மேல் பிரியம் இருப்பவருக்குத்தான் அது வரும்.

ஆனால் வருகிறவரிடம் முதலில் ஒன்று கேட்பேன். “இப்போது இந்த வண்டியில் உங்களுக்கு என்ன குறை?”

ஒரு இளைஞர் வந்தார். எட்டு வருஷம் ஓடிய ஒரு லிட்டர் எஞ்சின் வண்டி. ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டும், சைலன்சர் மாற்ற வேண்டும், எஞ்சினை ரீமேப் செய்ய வேண்டும், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிப் பலம் கூட்ட வேண்டும் என்று கையில் பட்டியல் இருந்தது. “சரி தம்பி, குறை என்ன?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மேட்டுல லாரியை முந்த முடியலண்ணே. பின்னாடி அப்பா அம்மா உட்கார்ந்திருக்காங்க. பாதி முந்தும்போது பயமா இருக்கு” என்றார்.

அரை மணி நேரம் ஓட்டி வந்து அப்போதுதான் நிறுத்தியிருந்தார். நான்கு சக்கரத்தையும் கையால் தொட்டுப் பார்த்தேன். வலது பின்சக்கரத்தின் பிரேக் டிரம்மில் மட்டும் விரல் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினேன். இடது பக்கம் தாராளமாகச் சுற்றியது. வலது பக்கம் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் ஷூ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் பிரேக்கை இழுத்துக்கொண்டேதான் அந்த வண்டி மேடு ஏறியிருக்கிறது. டயர்களிலும் காற்று குறைவு. ஸ்பார்க் பிளக் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. டிக்கியைத் திறந்தால் என்றோ போட்டு மறந்த சாமான், 40 கிலோவாவது இருக்கும். 800 கிலோ வண்டியிலிருந்து 40 கிலோவை இறக்குவது எஞ்சினுக்கு ஐந்து சதவீதம் பலம் கூட்டியதற்குச் சமம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் வெறும் ரீமேப்பால் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த அளவுதான்.

எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன். அதே மேட்டில் ஓட்டிவிட்டு வந்து, பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி போதவில்லை என்று நாம் நினைக்கும்போது பல நேரம் அது களைத்துப்போன வண்டியாகத்தான் இருக்கும். புதிதாக ஓட்டி வந்த நாளில் அது எப்படி ஓடியது என்பது நமக்கு மறந்துவிடுகிறது. ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், நாமும் அதற்குப் பழகிவிடுவோம். ஆகவே, முதலில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஷாக், ரப்பர் புஷ், எஞ்சின் மவுண்டிங், நல்ல டயர். இதற்குப் பிறகும் குறை மிஞ்சினால் அதுதான் உண்மையான குறை.

அப்புறம், மலிவு வண்டி என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பாகமும் ‘இவ்வளவு போதும்’ என்று கணக்குப் பார்த்துச் செய்தது. அந்த எஞ்சினின் இழுவைக்குத் தகுந்த கிளட்ச், அந்த வேகத்துக்குத் தகுந்த பிரேக், அந்த எடைக்குத் தகுந்த பேரிங். மிச்சம் என்று அதிகம் வைத்திருக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் சுமை அடுத்த பாகத்தின் தலையில் விழும். டர்போ எஞ்சினை ரீமேப் செய்தால் பலம் நன்றாகவே கூடும், மறுப்பதற்கில்லை. கிளட்சும் கியர்பாக்ஸும் பழையவைதானே?

எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றுவதை அழகாகச் செய்துகாட்டிய ஒரு வண்டி உண்டு. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதை மனத்தில் வைத்து அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி 1959-இல் வெளிவந்தது. 848 சிசி, 34 குதிரைத்திறன். குடும்பத்துக்கான சிக்கன வண்டி. பந்தயக் கார் கட்டிவந்த ஜான் கூப்பருக்கு அதன் வளைந்து நெளியும் லாவகம் பிடித்துப்போயிற்று. 1961-இல் மினி கூப்பர் வந்தது. 997 சிசி, 55 குதிரைத்திறன். எல்லோரும் இந்த 55-ஐத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு: எஞ்சினை ஏற்றிய கையோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டார்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வழியில் வந்த கூப்பர் எஸ்தான் 1964-இல் மான்டே கார்லோ ராலி என்ற கார் பந்தயத்தை வென்றது. ஆக, சின்ன வண்டியில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்றினால் சேர்த்து ஏற்ற வேண்டும். அதற்குக் காசும் பொறுமையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சக்கரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அது. தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த வண்டியின் 13 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் போட்டேன். “தாராளமா உட்காரும், ஒண்ணும் ஆகாது” என்று விற்றவர் சொன்னார். பழைய டயர் 155/80 ஆர்13. அதாவது அகலம் 155 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், உள்ளே 13 அங்குலச் சக்கரம். அதன் மொத்த விட்டம் 578 மில்லிமீட்டர். புதியது 185/65 ஆர்15. அது 621. ஏழு சதவீதத்துக்கு மேல் பெரிது. அதாவது கியர் எல்லாம் ஏழு சதவீதம் கனத்துவிட்டது, இழுவை அந்த அளவுக்குக் குறைந்தது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகும். வளைவில் சக்கரத்தை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசும். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் விழுந்த அன்று, மட்கார்டு விளிம்பு டயரின் தோள்பட்டையைச் சீவிவிட்டது. அந்த வெட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. விரல் நகம் உள்ளே போகும் ஆழம். அதே வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அதே வண்டிக்கு 175/65 ஆர்14 போட்டிருக்கலாம். அதன் விட்டம் 583. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, அகலமும் கொஞ்சம் கூடுகிறது. மொத்த விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் தாங்கும் எடை எண்ணும் பழையதைவிடக் குறையக் கூடாது. சக்கரத்தின் எடையையும் தூக்கிப் பாருங்கள், அலாய் என்றாலே இலேசு என்று இல்லை.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவதை மட்டும் நான் யாருக்கும் செய்வதில்லை. வெட்டிய ஸ்பிரிங் விறைக்கும், ஷாக்கின் ஓட்டம் குறையும், சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டு நழுவவும் கூடும்.

மலிவு வண்டியில் நான் மனதார “செய்யுங்கள்” என்று சொல்லும் வேலை ஒன்று உண்டு: ஹெட்லைட். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் விளக்கின் மின்சாரம் முழுவதும் மெல்லிய ஒயர் வழியாக ஸ்விட்சுக்குப் போய்த் திரும்பி வரும். எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும். பல்பின் பின்னால் அளந்தால் 12.4 என்று காட்டும். பத்து சதவீதம்தான் குறைவு. ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், பாட்டரியிலிருந்து கொஞ்சம் தடித்த ஒயர். அவ்வளவுதான் வேலை. வாட்ஸ் அதிகமான பல்பு வேண்டாம், பழைய ஒயர் உருகும். ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் வேறு வகைப் பல்பைத் திணிக்கவும் வேண்டாம். அந்த வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில் விழும்.

எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாரண்டி இருந்தால் அதன் விதியைப் படியுங்கள். வண்டியில் எதை மாற்றலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, அதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞர் மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை பட்டியல் இல்லை. “ராத்திரி அப்பா ஓட்டறப்போ பாதை சரியா தெரியலங்கறார்ண்ணே” என்றார். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறக்கச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ரிலே போட்டு முடித்தோம். இருட்டியதும் பட்டறைச் சுவரில் வெளிச்சத்தை அடித்து, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழும்படி திருகாணியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய அப்பா சுவர் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, தானே ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

வணக்கம்.